எலியின் மூர்க்கமும் ஏழையின் கோபமும்

(அரசியல் வகுப்பு ஒன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நமது வகுப்புகளில் எந்த விஷயத்தைப் பற்றிப் பேசினாலும், கேள்வி நேரம் வந்ததும் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. "நீங்கள் சொல்வதெல்லாம் சரிதான். ஆனால் மனித சுபாவம் என்று ஒன்று இருக்கிறதே! அடிப்பதும் பறிப்பதும் மனிதனின் இரத்தத்தில் ஊறிய குணமல்லவா? சுரண்டலை ஒழித்துவிட்டால் மட்டும் அது போய்விடுமா?" என்று கேட்கிறார்கள்.

ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்குத் துணையாகத் தலைவிதியையும் பூர்வஜென்ம வினையையும் கொண்டு வந்தார்கள். இன்று விஞ்ஞானத்தைக் கொண்டு வருகிறார்கள். "மூர்க்கத்துக்கு ஜீன் கண்டுபிடித்துவிட்டார்கள். மூளையில் ஏதோ ஒரு இரசாயனம் கூடினாலோ குறைந்தாலோ சாதுவும் மூர்க்கனாகி விடுகிறான். எலிகளை வைத்துப் பரிசோதித்து இதை நிரூபித்தும் விட்டார்கள்" என்கிறார்கள்.

இதற்கு நம்மவர்களில் சிலர் தரும் பதில் என்ன? "இதெல்லாம் பூர்ஷ்வா விஞ்ஞானம், நம்பாதீர்கள்" என்பதுதான். இந்தப் பதில் போதாது; இது தவறான பதிலும்கூட. எலிக் கூண்டில் நடந்த பரிசோதனைகள் உண்மையாகவே நடந்தவை. அவற்றின் முடிவுகளில் பெரும்பகுதி சரியானவை. உண்மையைக் கண்டு பயப்பட வேண்டிய அவசியம் பாட்டாளி வர்க்கத்துக்குக் கிடையாது. ஆகவே அந்தப் பரிசோதனைகளுக்குள்ளேயே போய், அவை எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்று பார்ப்பதே முறை. இன்றைய வகுப்பில் அதைத்தான் செய்யப் போகிறோம்.

நோவோசிபிர்ஸ்க் நரிகள்

முதலில் ஒரு சோவியத் பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். 1959-ம் ஆண்டில், சைபீரியாவில் நோவோசிபிர்ஸ்க் நகரை ஒட்டி அமைந்த விஞ்ஞான நகரத்தில் பணியாற்றிய திமித்ரி பெல்யாயெவ், நரிகளை வைத்து ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். லுத்மிலா த்ரூத் என்ற இளம் பெண் விஞ்ஞானி அதை அன்றாடம் கவனித்து நடத்தினார். ரோமத்துக்காகப் பண்ணைகளில் வளர்க்கப்பட்ட வெள்ளி நரிகள் அவை. மனிதன் கூண்டை நெருங்கினால் பெரும்பாலானவை பல்லைக் காட்டிச் சீறும், அல்லது மூலையில் பதுங்கும். அவற்றில் மிகவும் சாதுவான சிலவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து இனப்பெருக்கம் செய்ய விட்டார்கள். பிறந்த குட்டிகளிலும் சாதுவானவற்றையே மீண்டும் பொறுக்கினார்கள். யாரும் அவற்றைப் பழக்கவில்லை; பயிற்சி கொடுக்கவில்லை. நான்காவது தலைமுறையில், மனிதனைக் கண்டு வாலாட்டும் குட்டி பிறந்தது. ஆறாவது தலைமுறையில், மனிதனுடைய அருகாமைக்கு ஏங்கி முனகும் குட்டிகளும், நாய்க்குட்டியைப் போலக் கையை நக்கும் குட்டிகளும் பிறந்தன.

பிறகு எதிர்த்திசையிலும் செய்து பார்த்தார்கள். மூர்க்கமானவற்றையே பொறுக்கிச் சேர்த்து, மூர்க்கம் மிகுந்த ஒரு வம்சத்தை உண்டாக்கினார்கள். மூர்க்க வம்சத்துக் குட்டியைச் சாதுவான தாயிடம் வளர விட்டாலும், அது பெரும்பாலும் தன் வம்சத்தின் குணத்தையே காட்டியது. சாது நரிகளின் மூளையை நீனா போபோவா முதலிய விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். செரோடோனின் என்ற இரசாயனம் அவற்றில் கூடுதலாக இருப்பதைக் கண்டு 1991-ம் ஆண்டில் வெளியிட்டார்கள். ஒரு நரம்பணுவிலிருந்து அடுத்த நரம்பணுவுக்குச் செய்தி கொண்டு செல்லும் பொருள்களில் செரோடோனினும் ஒன்று.

ஆகவே, குணத்தில் பரம்பரைக்குப் பங்கு உண்டு. மூளை இரசாயனத்துக்கும் பங்கு உண்டு. இதை மறுப்பது பொருள்முதல்வாதம் ஆகாது. மனம் என்பது மூளை என்ற பொருளின் செயல் என்று சொல்பவர்கள் நாம். அந்தப் பொருளுக்கு ஓர் இரசாயனம் உண்டு என்று கேட்டதும் முகம் சுளித்தால் எப்படி?

இந்த விஷயத்தில் வரலாறு நமக்குத் தந்திருக்கும் பாடம் கசப்பானது. லைசென்கோவின் வாதம் அரசாங்கத்தின் ஆதரவு பெற்று, 1948-ம் ஆண்டில் சோவியத் நாட்டில் ஜீன் விஞ்ஞானமே பூர்ஷ்வாக் கற்பனை என்று ஒதுக்கப்பட்டது. அதற்கு முன்பே, மாபெரும் தாவர விஞ்ஞானியான வாவிலோவ் 1943-ம் ஆண்டில் சரத்தோவ் சிறையில் மாண்டிருந்தார். பெல்யாயெவின் தமையனும் ஜீன் விஞ்ஞானிதான்; 1937-ம் ஆண்டில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பெல்யாயெவே 1948-ல் தமது பதவியை இழந்தார். இத்தனைக்குப் பிறகும் அவர் அதே மண்ணில் நின்று இந்த ஆராய்ச்சியைச் செய்து காட்டினார். இயற்கையின் விதியைக் கட்டளை போட்டு மாற்ற முடியாது. கட்டளை போட்டவர்கள் நம் கொடியையே பிடித்திருந்தாலும் முடியாது.

சுண்டெலிக் கூண்டில் நடப்பது என்ன?

இனி எலிகளுக்கு வருவோம். ஆராய்ச்சிக்கூடத்தில் மூர்க்கத்தை எப்படி அளக்கிறார்கள்? ஓர் ஆண் சுண்டெலியை, பெரும்பாலும் வாரக்கணக்கில், தனிக் கூண்டில் வைக்கிறார்கள். அந்தக் கூண்டு அதன் வீடாகி விடுகிறது. பிறகு அதற்கு அறிமுகமில்லாத இன்னொரு ஆண் எலியை உள்ளே விடுகிறார்கள். எத்தனை வினாடியில் முதல் பாய்ச்சல் நடக்கிறது, சில நிமிஷங்களுக்குள் எத்தனை முறை பாய்கிறது என்று கணக்கெடுக்கிறார்கள். இந்தத் துறையின் கட்டுரைகளில் "மூர்க்கம்" என்று வரும் சொல்லுக்குப் பெரும்பாலும் இதுதான் பொருள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பெல்யாயெவ் நரிகளைப் பொறுக்கத் தொடங்கிய அதே 1959-ல், ஃபின்லாந்தில் கிர்ஸ்டி லாகர்ஸ்பெட்ஸ் என்ற பெண் விஞ்ஞானி சுண்டெலிகளில் அதே வேலையைத் தொடங்கினார். சில தலைமுறைகளுக்குள் மூர்க்க வம்சம், சாது வம்சம் என்று இரண்டு தனித்தனியாகப் பிரிந்துவிட்டன. ஆனால் அவர் அத்துடன் நிற்கவில்லை. தனிமையில் வளர்ப்பது, கூட்டமாக வளர்ப்பது, சண்டையில் ஜெயிக்க விடுவது, தோற்க விடுவது என்று மாற்றி மாற்றிச் செய்து பார்த்தார். பரம்பரையால் வந்த மூர்க்கத்தின் அளவு, இந்த அனுபவங்களாலும் ஏறி இறங்கியது.

பிறகு ஜீன்களைத் தனித்தனியாகத் தொட்டுப் பார்க்கும் காலம் வந்தது. செரோடோனினை வாங்கிக்கொள்ளும் வாசல்கள் நரம்பணுக்களில் பல வகை உண்டு. அவற்றில் ஒரு வகை இல்லாமலேயே பிறக்கும் சுண்டெலிகளை ரெனே ஹென் முதலிய விஞ்ஞானிகள் உண்டாக்கி, 1994-ம் ஆண்டில் அதன் முடிவை வெளியிட்டார்கள். ஒரு மாதம் தனிமையில் இருந்த பிறகு, இந்த எலிகள் சாதாரண எலிகளைவிட வேகமாகவும் கடுமையாகவும் அந்நிய எலியின் மேல் பாய்ந்தன.

அடுத்த ஆண்டு இன்னொரு செய்தி வந்தது. இது தற்செயலாகக் கிடைத்தது. இன்டர்ஃபெரான் என்ற பொருளைப் பற்றி ஆராய்வதற்காக விஞ்ஞானிகள் சுண்டெலியின் கருவில் ஒரு புது ஜீனைப் புகுத்தினார்கள். அது போய் விழுந்த இடம் வேறொரு ஜீனின் நடு மத்தி. அந்த ஜீன் கெட்டுவிட்டது. கெட்டுப்போனது, மோனோஅமைன் ஆக்ஸிடேஸ்-ஏ என்ற என்ஸைமை உண்டாக்கும் ஜீன். வேலை முடிந்த செரோடோனினையும் அதைப் போன்ற மற்றப் பொருள்களையும் சிதைத்து அப்புறப்படுத்துவது இந்த என்ஸைமின் வேலை. துப்புரவுத் தொழிலாளி இல்லாத தெருவைப் போல ஆயிற்று அந்தக் குட்டிகளின் மூளை. பிறந்த குட்டிகளில் செரோடோனின் ஒன்பது மடங்கு வரை தேங்கியது. வளர்ந்த ஆண் எலிகள் ஒன்றையொன்று கடித்துக் காயப்படுத்தின.

இந்த எலிகளுக்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே மனிதர்களைப் பற்றிய செய்தி ஒன்று வந்திருந்தது. நெதர்லாந்தில் ஒரு குடும்பத்து ஆண்களில் பலர் அறிவு வளர்ச்சி குன்றியவர்களாகவும், திடீர் ஆவேசத்துக்கு ஆளாகிறவர்களாகவும் இருந்தார்கள். அவர்களுக்கு இதே என்ஸைமின் ஜீன் கெட்டிருப்பதை ஹான்ஸ் ப்ருன்னர் என்ற விஞ்ஞானி 1993-ம் ஆண்டில் கண்டார். பத்திரிகைகளுக்கு அது போதுமானதாக இருந்தது. "மூர்க்க ஜீன்" பிறந்துவிட்டது! ஆனால் கண்டுபிடித்த ப்ருன்னர் என்ன சொன்னார்? மூர்க்கத்துக்கென்று ஒரு ஜீன் இருப்பதாகப் பேசுவது பொருந்தாது என்று அவரே எழுதினார். அவர் கண்டது ஒரு குடும்பத்தின் மிக அபூர்வமான நோய். அது மனித குலத்தின் சுபாவம் ஆகிவிடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சாது நரிகளின் மூளையில் செரோடோனின் அதிகம். கடித்துக் குதறிய சுண்டெலிகளின் மூளையிலும் செரோடோனின் அதிகம்! கடல் இறால் வகைகளிலோ, அடங்கிக் கிடக்கும் விலங்குக்குச் செரோடோனினை ஊசி மூலம் ஏற்றினால் அது மீண்டும் சண்டைக்கு நிமிர்கிறது. எந்தப் பிராணியில், எந்த வயதில், மூளையின் எந்த இடத்தில், எந்த வாசல் வழியாக என்பதைப் பொறுத்து ஒரே பொருள் வேறு வேறு வேலை செய்கிறது. "இந்த இரசாயனம் கூடினால் கோபம், குறைந்தால் சாந்தம்" என்று ஒரு வரியில் கணக்கு எழுதுகிறவன் விஞ்ஞானத்தைப் படிக்காதவன்.

இடுக்கியும் பெட்டியும்

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருகிறோம்.

1942-ம் ஆண்டில் அமெரிக்காவில் இரண்டு ஆராய்ச்சிகள் வெளியாயின. சிக்காகோவில் கின்ஸ்பர்க், ஆல்லீ என்ற இருவர் நடத்தியது ஒன்று. ஜே. பி. ஸ்காட் நடத்தியது மற்றொன்று. இரண்டிலும் பல வம்சத்துச் சுண்டெலிகளைச் சண்டைக்கு விட்டுப் பார்த்தார்கள். முடிவுகள் ஒத்துப்போகவில்லை. ஓரிடத்தில் மிக மூர்க்கமானது என்று முதலில் நின்ற வம்சம், மற்ற இடத்தில் மிகச் சாதுவானது என்று கடைசியில் நின்றது. ஒரே வம்சம், ஒரே ஜீன்கள். ஆனால் தலைகீழ் முடிவு. காரணம் என்ன? பின்னால் தேடிப் பார்த்தபோது ஓர் அற்ப விஷயம் அகப்பட்டது. ஓரிடத்தில் எலிகளை ஒரு கூண்டிலிருந்து மற்றொரு கூண்டுக்கு மாற்றும்போது இடுக்கியால் பிடித்துத் தூக்கினார்கள். மற்ற இடத்தில் சிறு பெட்டியில் ஏறச் செய்து மாற்றினார்கள். தூக்கிய விதம் மாறியது. எலியின் "பிறவிக் குணமும்" மாறிவிட்டது!

இது பழைய கதை, இன்றைய கருவிகள் இருந்தால் இப்படி நடக்காது என்று யாராவது சொல்லலாம். 1999-ம் ஆண்டில் கிராப், வால்ஸ்டன், டூடெக் என்ற மூன்று விஞ்ஞானிகள் இதையே சோதித்தார்கள். அமெரிக்காவில் ஆல்பனி, போர்ட்லாண்ட், கனடாவில் எட்மண்டன் ஆகிய மூன்று நகரங்களில், ஒரே வம்சங்களைச் சேர்ந்த, ஒரே வயதுச் சுண்டெலிகளை, ஒரே மாதிரிக் கருவிகளில், ஒரே நாளில், ஒரே நேரக் கணக்கில் பரிசோதித்தார்கள். நான் முன்பு சொன்ன, செரோடோனின் வாசல் இல்லாத எலிகளும் அவற்றில் உண்டு. அவர்கள் சோதித்தது சண்டையை அல்ல. ஓட்டம், பயம், நீச்சல் போன்ற நடத்தைகளை. சில நடத்தைகளில் மூன்று ஊரிலும் ஒரே முடிவு வந்தது. வேறு சிலவற்றில், வம்சங்களுக்கிடையே உள்ள வித்தியாசமே ஊருக்கு ஊர் மாறிவிட்டது.

இதன் அர்த்தம் ஜீன் பொய் என்பதா? இல்லை. நெல் விதைக்கு ஒரு குணம் உண்டு. ஆனால் பள்ளத்து வயலில் நன்றாக விளையும் நெல், மேட்டு வயலில் மற்றொரு நெல்லிடம் தோற்றுப் போவதைப் பார்த்திருக்கிறீர்கள். "இதில் விதைக்கு எத்தனை பங்கு, மண்ணுக்கு எத்தனை பங்கு?" என்று கேட்டால் விவசாயி சிரிப்பான். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்றாக வேலை செய்கின்றன. இந்த விவசாயியின் அறிவைத்தான் நாம் இயக்கவியல் என்கிறோம்.

பதவி மாறினால் இரசாயனமும் மாறும்

இன்னொரு படி மேலே போவோம். மூளை இரசாயனம்தான் நடத்தையை உண்டாக்குகிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். விலங்கின் சமூக நிலை அதன் இரசாயனத்தை மாற்றுமா? மாற்றும்.

லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் ராலே, மெக்குவயர் என்ற விஞ்ஞானிகள், ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வெர்வெட் குரங்குகளை வைத்து ஆராய்ந்தார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் தலைமை ஆண் குரங்கின் இரத்தத்தில் செரோடோனின் மற்ற ஆண்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. பிறப்பிலேயே அதிகம் இருந்ததால்தான் தலைமைக்கு வந்ததோ? தலைமைக் குரங்கைக் கூட்டத்திலிருந்து பிரித்து வைத்தார்கள். அதன் செரோடோனின் இறங்கியது. அதன் இடத்துக்கு வந்த குரங்குக்கு ஏறியது. பழைய தலைவனைத் திரும்ப விட்டதும் பழையபடி ஆயிற்று. பதவி போனதும் இரசாயனம் போயிற்று; பதவி வந்ததும் இரசாயனம் வந்தது.

அதே விஞ்ஞானிகள் 1991-ம் ஆண்டில் இன்னொன்றும் காட்டினார்கள். தலைவன் இல்லாத கூட்டத்தில் ஒரு குரங்குக்குச் செரோடோனினைப் பெருக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். அது தலைமைக்கு வந்தது. எப்படி வந்தது? அடித்து உதைத்து அல்ல. பெண் குரங்குகளிடம் நெருங்கிப் பழகி, பேன் பார்த்து, அவற்றின் ஆதரவைச் சேர்த்துக்கொண்டு வந்தது. குரங்குக் கூட்டத்தில்கூட வெறும் பல் பலம் தலைமையைத் தருவதில்லை.

குரங்கைவிட மிக எளிய பிராணியிலும் இதுவே. நன்னீரில் வாழும் ஒருவகை இறாலை வைத்து 1996-ம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியில், வாலை அடித்துத் தப்பி ஓடச் செய்யும் நரம்பின் மேல் செரோடோனினைச் செலுத்தினார்கள். சண்டையில் வென்று மேலே இருக்கும் இறாலில் அது அந்த நரம்பைத் தூண்டியது. தோற்று அடங்கிய இறாலில் அதே நரம்பை அடக்கியது. தோற்ற இறால் வேறொரு கூட்டாளியை ஜெயித்து மேலே வந்த பிறகு, சில வாரங்களில் அதன் நரம்பும் மாறிக்கொண்டது.

மூளையிலேயே கையை வைத்த பரிசோதனைகளும் உண்டு. 2011-ம் ஆண்டில் கலிஃபோர்னியாவில் டாயு லின், டேவிட் ஆண்டர்சன் முதலியோர், சுண்டெலியின் மூளையடியில் ஹைப்போதாலமஸ் என்ற பகுதியின் ஒரு சிறு மூலையில் உள்ள நரம்பணுக்களை ஒளிக்கதிரால் தூண்டினார்கள். எலி உடனே பாய்ந்தது. பெண் எலியின் மேல் பாய்ந்தது. காற்று ஊதிய கையுறையின் மேல்கூடப் பாய்ந்தது! மூர்க்கத்துக்கு மூளையில் ஓர் இடம் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

ஆனால் இதற்குப் பல ஆண்டுகள் முன்பே டெல்காடோ என்ற விஞ்ஞானி, லீனா என்ற பெண் குரங்கின் மூளையில் கம்பியைப் பொருத்தி மின்சாரத்தால் தூண்டிப் பார்த்திருந்தார். ஒரே குரங்கு, ஒரே இடம், ஒரே மின்சாரம். தனக்கு மேல் பலர் இருந்த கூட்டத்தில் தூண்டியபோது அது ஏறக்குறைய யார் மேலும் பாயவில்லை. அதன் அந்தஸ்து உயர்ந்திருந்த மற்றொரு கூட்டத்தில் தூண்டியபோது, தனக்குக் கீழ்ப்பட்டவற்றின் மேல் திரும்பத் திரும்பப் பாய்ந்தது. மின்சாரம் ஆவேசத்தைத் தந்தது; அந்த ஆவேசம் யார் மேல் பாய வேண்டும், பாயலாமா என்பதைக் கூட்டத்தின் அமைப்பு தீர்மானித்தது.

தனிக் கூண்டை நினைவில் வைக்கச் சொன்னேனே, அதை இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். வாரக்கணக்கில் உறவற்று அடைபட்டு, பத்துப் பதினைந்து நிமிஷம் சோதிக்கப்படும் எலியின் கடி ஒரு பக்கம். தன் கூட்டத்தில், தன் உறவுகளுக்கு நடுவே வாழும் விலங்கின் நடத்தை மறு பக்கம். முதலாவதை அளந்துவிட்டு, இரண்டாவதையும் அளந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. அப்படியிருக்க, அந்த எலியிலிருந்து ஒரே தாவலில் மனித சமுதாயத்துக்குத் தாவுகிறவர்களை என்னென்பது!

தாவுகிறவர்கள் யார்?

1967 ஜூலையில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் கறுப்பு மக்கள் வாழும் பகுதி கொந்தளித்தது. போலீஸ் சோதனை ஒன்றில் தொடங்கிய மோதலை அடக்க இராணுவம் வந்தது. 43 பேர் மாண்டனர். சில வாரங்களுக்குள் மார்க், ஸ்வீட், எர்வின் என்ற மூன்று டாக்டர்கள் ஒரு மருத்துவச் சஞ்சிகைக்குக் கடிதம் எழுதினார்கள். சேரியில் இலட்சக்கணக்கானோர் வறுமையில் இருக்கிறார்கள். ஆனால் ஒரு சிலர்தான் கலவரத்தில் இறங்கினார்கள். ஆகவே அந்தச் சிலரின் மூளையில் நோய் உண்டா என்று தேட வேண்டும் என்பது அவர்களுடைய வாதம். வேலையின்மை, வீட்டு வாடகை, போலீஸின் தடி எல்லாம் பின்னுக்குப் போய், மூளை முன்னுக்கு வந்துவிட்டது! ஆனால் அமெரிக்க ஜனாதிபதியே நியமித்த கெர்னர் கமிஷன் 1968-ம் ஆண்டில் தந்த அறிக்கை, நிறவெறியும் வேலையின்மையும் மோசமான குடியிருப்பும் போலீஸின் நடத்தையுமே காரணம் என்று சொல்லிற்று.

1992-ம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கத்தின் மனநல நிர்வாகத்தில் உயர் பதவியில் இருந்த ஃபிரெடெரிக் குட்வின், நகரச் சேரிகளின் வன்முறையைப் பற்றிப் பேசும்போது, காட்டில் ஒன்றையொன்று கொல்லும் ஆண் குரங்குகளை ஒப்பிட்டுப் பேசினார். எதிர்ப்பு கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டார். 2006-ம் ஆண்டில் நியூஜிலாந்தின் மவோரி மக்களுக்கு, நான் முன்பு சொன்ன அதே என்ஸைம் ஜீனின் ஒரு வகை அதிகம் என்றும், அது "போர்வீர ஜீன்" என்றும் செய்தி பரப்பப்பட்டது. அந்த வகை உலகத்தின் பல இனங்களிலும் தாராளமாகக் காணப்படுவது. அதற்கும் நெதர்லாந்துக் குடும்பத்தின் நோய்க்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். 1860-களில் மவோரிகளின் நிலத்தைச் சட்டம் போட்டுப் பறித்தவர்களின் ஜீனை யாராவது பரிசோதித்தார்களா?

இந்த வாதம் நமக்கும் புதிதல்ல. தச்சன் மகன் தச்சன் ஆவதைப் போலக் குற்றமும் குலத்தொழிலாக வருகிறது என்று சொல்லி, பிரிட்டிஷ் சர்க்கார் 1871-ம் ஆண்டில் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டு வந்தது. 1911-ம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. எலியும் இல்லை, இரசாயனமும் இல்லை. பிறப்பு ஒன்றே சாட்சி! கைரேகை பதிய மறுத்ததற்காக 1920 ஏப்ரல் 3-ந் தேதி மதுரை ஜில்லா பெருங்காமநல்லூரில் போலீஸார் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் உயிர் இழந்தனர். மக்களின் இடைவிடாத போராட்டத்தால் அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ம் ஆண்டிலும், நாடு முழுவதும் 1952-ம் ஆண்டிலும் ஒழிந்தது. சட்டம் ஒழிந்த பிறகு அந்த மக்களின் பிள்ளைகள் ஆசிரியர்களாகவும் டாக்டர்களாகவும் ஆனார்களே, எந்த ஜீன் மாறியதால் ஆனார்கள்?

யுத்தத்துக்குக் கோபம் தேவையில்லை

எலியின் பாய்ச்சல் ஒன்று. வேலை நிறுத்தம் வேறு. யுத்தம் முற்றிலும் வேறு. மூன்றையும் "வன்முறை" என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதுதான் இந்த வாதத்தின் தந்திரம்.

ஆலைத் தொழிலாளி வேலை நிறுத்தம் செய்வது நரம்பு துடித்ததால் அல்ல. கூட்டம் கூடி, பேசி, நோட்டீஸ் கொடுத்து, பசியைத் தாங்கி, ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு நடத்துவது அது. அவனுடைய கோபம் கணக்குப் புத்தகத்தைப் படித்துப் பிறந்த கோபம்.

யுத்தமோ, மேலிருந்து வரும் உத்தரவால் நடப்பது. 1945 ஆகஸ்ட் 6-ந் தேதி ஹிரோஷிமாவின் மேல் குண்டு போட்ட விமானத்தில் இருந்தவர்களுக்கு அந்த நகரத்து மக்கள் மேல் ஆவேசம் வர வேண்டிய தேவையே இல்லை. விசையை இயக்கினால் போதும். போர் மனிதனின் பிறவி ஆசை என்றால், முதல் உலக யுத்தத்தின் நடுவில், 1916-ம் ஆண்டில், பிரிட்டிஷ் சர்க்கார் கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் போட வேண்டி வந்தது ஏன்? பசிக்குச் சாப்பிடச் சொல்லி யாராவது சட்டம் போடுவார்களா?

இதை நாம் மட்டும் சொல்லவில்லை. 1986 மே மாதத்தில் ஸ்பெயின் நாட்டின் செவில் நகரத்தில் பல நாடுகளைச் சேர்ந்த 20 விஞ்ஞானிகள் கூடி ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். யுத்தம் விலங்குகளிடமிருந்து வந்த பரம்பரைச் சொத்து என்பதும், அது ஜீனில் எழுதப்பட்டது என்பதும், மனித மூளையே வன்முறை மூளை என்பதும் விஞ்ஞான ரீதியில் தவறு என்று அதில் அறிவித்தார்கள். யுனெஸ்கோ 1989-ல் அதை ஏற்றது. கையெழுத்திட்டவர்கள் யார் தெரியுமா? 1942-ல் எலிச் சண்டையை ஆராய்ந்த கின்ஸ்பர்க்கும் ஸ்காட்டும். குரங்கின் மூளையைத் தூண்டிய டெல்காடோ. லெனின்கிராட் மூளை விஞ்ஞானி பெக்தெரேவா. நம் நாட்டிலிருந்து சமீர் குமார் கோஷும் ஆஷிஸ் நந்தியும். மூர்க்கத்தைத் தம் கையாலேயே அளந்தவர்கள் அவர்களில் பலர். அதன் எல்லை எது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

நாம் சொல்ல வேண்டிய பதில்

அப்படியானால் மனிதர்களில் ஜீனுக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. நியூஜிலாந்தின் டுனெடின் நகரத்தில் 1972-73-ல் பிறந்த குழந்தைகளை விஞ்ஞானிகள் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அவர்களில் 442 ஆண்களைப் பற்றிய முடிவு 2002-ம் ஆண்டில் வெளியாயிற்று. குழந்தைப் பருவத்தில் அடியும் கொடுமையும் அனுபவித்தவர்களில், அந்த என்ஸைம் குறைவாகச் சுரக்கும் ஜீன் வகை உள்ளவர்களே பின்னாளில் வன்முறையில் அதிகம் இறங்கினார்கள். கொடுமைக்கு ஆளாகாமல் வளர்ந்தவர்களிடம், அதே ஜீன் வகை இருந்தும், அப்படி நேரவில்லை. பிறகு நடந்த ஆய்வுகளில் சில இதை உறுதி செய்தன, சில செய்யவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது ஆண்கள் விஷயத்தில் பொதுவாக இது நிற்கிறது. பங்கு சிறியது, ஆனால் அது காட்டும் திசை முக்கியமானது. ஜீனை மாற்ற நம்மால் இயலாது. குழந்தையின் மேல் விழும் அடியை நிறுத்த நம்மால் இயலும்.

ஆகவே தோழர்களே, "மனித சுபாவம்" என்ற கேள்வி அடுத்த முறை வரும்போது மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள். முதலாவதாக, ஜீனும் மூளை இரசாயனமும் உண்மை. நாங்கள் அவற்றை மறுக்கவில்லை. இரண்டாவதாக, அதே ஆராய்ச்சிக்கூடம்தான், வளர்ப்பும் தனிமையும் தோல்வியும் பதவியும் அந்த இரசாயனத்தையே மாற்றுகின்றன என்பதையும் நிரூபித்திருக்கிறது. பாதியை மட்டும் சொல்லாதீர்கள். மூன்றாவதாக, எலிக் கூண்டிலிருந்து சேரிக்கும் போர்க்களத்துக்கும் நேர்ப்பாதை கிடையாது. அப்படி ஒரு பாதை போட்டவர்கள் எல்லாக் காலத்திலும் ஏழையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவே போட்டார்கள்.

இதைச் சொல்ல வேண்டுமானால் நாமும் படிக்க வேண்டும். நம் படிப்பகங்களில் அரசியல் நூல்களுக்குப் பக்கத்தில் உயிரியல் நூல்களும் இருக்க வேண்டும். நாம் கல்லூரிப் படிப்புப் படித்தவர்கள் அல்ல என்பது இதற்குத் தடையல்ல. இடுக்கிக்கும் பெட்டிக்கும் உள்ள வித்தியாசம் எல்லோருக்கும் புரியக்கூடியதே. எலியை எப்படித் தூக்குகிறோம் என்பதே அதன் குணத்தை மாற்றுகிறது என்றால், மனிதக் குழந்தையை எந்தச் சமுதாயம், எந்தக் கையால் தூக்குகிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம்! அந்தக் கையை மாற்றுவதே நமது வேலை.